நடுவில் அடி வாங்கிய ரம்பம்

மர மில்லின் சுவரில் இரண்டு வட்ட ரம்பங்கள் தொங்கின. புதுசு விறைப்பாக, கண்ணாடி மாதிரி தட்டையாக இருந்தது. பழசின் நடுப்பகுதியை மிஸ்திரி சுத்தியலால் தட்டித் தட்டி இளக்கி வைத்திருந்தார். அதனால் கையில் எடுத்தாலே லேசாகத் தொளதொளக்கும்.

"என்னக்கா, சும்மா தொங்கும்போதே இந்த ஆட்டமா? ஓடினா என்ன ஆவீங்க?" என்று புதுசு சிரித்தது.

"ஓடும்போது பாரு" என்றது பழசு.

அன்றைக்கு ஒரு தேக்கு மரம் வந்தது. புதுசைத்தான் மாட்டினார்கள். கொஞ்ச நேரம் நன்றாகவே அறுத்தது. பிறகு விளிம்பு சூடேறி விரிந்தது. விறைத்த நடுப்பகுதியோ துளியும் இடம் கொடுக்கவில்லை. போக்கிடம் இல்லாத விளிம்பு, எண்ணெயில் போட்ட அப்பளமாக நெளிந்தது. பலகையெல்லாம் கோணல்.

"பழைய இரும்புக்குப் போட்டுடுய்யா" என்று கத்தினார் முதலாளி.

மிஸ்திரி அதைக் கழற்றிப் பட்டறைக்கல் மேல் வைத்துவிட்டுப் பழசை மாட்டினார். அதற்கும் அதே சூடுதான். விளிம்பு விரிய விரிய, இளகிய நடுப்பகுதி இடம் கொடுத்தது. ஆட்டம் நின்று, கோடு போட்ட மாதிரி மரம் அறுபட்டது.

பட்டறைக்கல் மேலிருந்து புதுசு அதைப் பார்த்தது.

"இதைத் தூக்கிப் போட வேணாம் முதலாளி. இன்னும் அடியே வாங்கல, அவ்வளவுதான்" என்றபடி மிஸ்திரி சுத்தியலை எடுத்தார்.

"வலிக்கும் தம்பி" என்றது சுத்தியல்.

"தெரியும்ணே. நடுவுல போடுங்க."