ஒரு நொதி குறைந்தால்

சிவபாலன் ஸ்கேலால் மேசையைத் தட்டிய வேகத்தில், பக்கத்தில் இருந்த பொரிக் கிண்ணம் ஒரு குதி குதித்தது.

“மறுபடியும் மைட்டோகாண்ட்ரியாவா? செல்லுக்குள்ள குப்பையைச் செரிக்கிறது எதுன்னு கேட்டா, மைட்டோகாண்ட்ரியாங்கற!”

“லைசோசோம் சார்,” என்றாள் சங்கீதா.

“இப்ப சொல்லு! நாளைக்குப் பரீட்சை ஹாலுக்கு நான் ஸ்கேலை எடுத்துக்கினு வர முடியுமா?”

பாடம் நடக்கும்போது சார் என்றுதான் கூப்பிட வேண்டும் என்று முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லிவிட்டான். செவிலிமேட்டில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை அவனுக்கு. வேலை முடிந்த கையோடு சின்ன காஞ்சிபுரத்துக்கு, சங்கீதா வீட்டுக்கு வந்துவிடுவான். ஓசியில் சொல்லித்தருகிற மனுஷனுக்கு இவ்வளவு கோபம் எதற்கு என்று சங்கீதாவுக்குப் புரிந்ததே இல்லை.

அவள் பிளஸ் டூவில் உயிரியலில் மட்டும் கோட்டை விட்டவள். நாளைக்குத் துணைத் தேர்வு. தேறினால் சென்னையில் நர்சிங் படிப்பு, தேறாவிட்டால் ஆவணியில் கல்யாணம். வீட்டில் ஒரு மாதமாக இதே பேச்சுதான்.

அம்மா கமலவேணி காபியோடு வந்தாள். வயசுப் பெண்ணை ஆம்பிளை வாத்தியாரிடம் டியூஷனுக்கு அனுப்ப மாட்டேன் என்று தெருவே கேட்க சண்டை போட்டவள் இவள். சிவபாலன் வந்து உட்கார்ந்தால் மட்டும் அவளுக்கு வாயெல்லாம் பல்.

“பாஸானா அனுப்பறேன்னு சொல்லிட்டேன், பேச்சு மாற மாட்டேன். ஆவலன்னா ஆவணியில முகூர்த்தம்தான். சொந்தத்துலயே தங்கமாட்டம் மாப்பிள்ளை இருக்குது, வெளிய எதுக்குத் தேடிக்கினு அலையணும்? இன்னா சிவா, நான் சொல்றது?”

சிவபாலன் தலையைத் தூக்காமல் காபியை ஊதி ஊதிக் குடித்தான்.

“யாரும்மா அந்த மாப்பிள்ளை?”

“நேரம் வந்தா தெரியும், படி” என்று சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டாள்.

“எனக்குத் தெரியாதா? கூரத்து அத்தை புள்ள வீரபாகுதான் சார். போன வாரம்கூட வந்து அப்பாவாண்ட ரொம்ப நேரம் பேசிக்கினு இருந்தான்.”

“அது இப்ப எதுக்கு? இந்தா, பொரியை வாயில போடு. முழுங்காத, மென்னுக்கினே இரு.”

மென்றாள். கொஞ்ச நேரத்தில் கண்ணை அகல விரித்தாள். “இனிக்குது சார்!”

“சர்க்கரை யாரு போட்டா? உன் எச்சில்ல இருக்குற நொதி. என்சைம்னு சொல்றமே, அதான். பொரியில இருக்குற மாவை உடைச்சு சர்க்கரை ஆக்குது. ஒரு நொதிக்கு ஒரு வேலைதான். மாவை உடைக்கிறது எண்ணெயைத் தொடாது.”

“அப்ப அந்த ஒண்ணு இல்லாம போனா?”

“அந்த வேலை நின்னுடும். லைசோசோம்ல ஒரு நொதி இல்லன்னா, உடைய வேண்டியது உடையாம செல்லுலயே தேங்கிடும். கல்லீரல் வீங்கும், வயிறு உப்பி…” சட்டென்று நிறுத்தினான்.

சங்கீதா சுவரைப் பார்த்தாள். மாலை போட்ட படத்தில் அவளுடைய அண்ணன் யுவன், நாலு வயதுப் பிள்ளை, உப்பிய வயிற்றோடு சிரித்துக்கொண்டிருந்தான்.

“அண்ணனுக்கு வந்தது இதானா சார்? கண்ணு பட்டுச்சுன்னுதான அம்மா சொல்லுது?”

“கண்ணும் இல்ல, மண்ணும் இல்ல. அந்த நொதிக்கான ஜீன் அப்பாவாண்டருந்து ஒண்ணு, அம்மாவாண்டருந்து ஒண்ணு வரும். ஒண்ணு பழுதானா இன்னொண்ணு சமாளிச்சுக்கும். ரெண்டும் பழுதுன்னா புள்ளைக்குத்தான் கஷ்டம். சொந்தத்துல கட்டினா ரெண்டு பக்கமும் அதே பழுது இருக்க வாய்ப்பு ஜாஸ்தி. இனிமே சொந்தத்துல கட்டாதீங்கன்னு டாக்டரு தலைதலையா அடிச்சுக்கினாரு. யாரு கேட்டாங்க?”

முன்கூடத்தில் அப்பா குப்புசாமியின் தறி ஓடிக்கொண்டிருந்தது. குப்புசாமியும் கமலவேணியும் அத்தை மகன், மாமன் மகள். சங்கீதா புத்தகத்தை மூடிவிட்டாள்.

“இனிமே எதுவும் ஏறாது சார். பயமா இருக்குது. நான் ஃபெயில்தான்.”

“ஆவக் கூடாது! கேட்டியா? ஆவவே கூடாது!”

அவன் போட்ட கத்தலில் தறி நின்றுபோய், பிறகு மறுபடி ஓடியது. சங்கீதாவுக்கும் ரோஷம் வந்துவிட்டது.

“ஃபெயிலானா மாட்டிக்கப் போறது நானு. உங்களுக்கு இன்னா போச்சு? அந்த மாப்பிள்ளையாவது வேணாம்னு சொல்லித் தொலைக்கலாம்ல?”

“எப்டிச் சொல்லுவான்? தாயில்லாப் புள்ளைக்குச் சோறூட்டி வளத்தவங்க வந்து கேட்டா, மாட்டேன்னு சொல்ல நாக்கு எழுமா அவனுக்கு?”

“எங்கம்மா எப்ப வீரபாகுவுக்குச் சோறூட்டுச்சு?”

அவன் எழுந்து போய் சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்தான். உள்ளே குக்கர் விசில் அடித்துக்கொண்டிருந்தது. திரும்பி வந்து உட்கார்ந்தபோது அவன் கண் கலங்கியிருந்தது. அவளுக்கு அவனைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

“வீரபாகு இல்ல சங்கீதா.”

“வேற யாரு மாமா?” பதற்றத்தில் சார் மறந்துபோனது.

“நான்தான். எங்க அக்காவாண்ட, உங்கம்மாவாண்ட, மாட்டேன்னு சொல்ல என்னால முடியல.”