காலையில் வந்த ரத்தம்

ஹெபடைட்டிஸ் சி வைரஸின் மையப் புரதத்தை, வைரஸே இல்லாமல் பாக்டீரியாவில் உருவாக்க ஆய்வாளரான அவள் மூன்று முறை முயன்று தோற்றிருந்தாள். நான்காவதும் போனால் ஆய்வையே மூடிவிடுவார்கள்.

நான்காவது முறை வந்த புரதம் சரியா என்று பார்க்க, அந்த நோய் வந்து குணமானவரின் ரத்தம் வேண்டும்; அதிலுள்ள எதிர்ப்பொருள் சரியான புரதத்தில்தான் ஒட்டும். வருடந்தோறும் கொடுப்பவர் ஒரு லாரி ஓட்டுநர். எல்லோருக்கும் அவர் ஹாரன் அண்ணன். காலை ஒன்பது மணிக்கு அவர் பெயரும் அன்றைய தேதியும் ஒட்டிய குழாய் குளிர்பெட்டியில் இருந்தது. எடுத்துச் சோதித்தாள். மதியத்துக்குள் சோதனைத் தட்டின் குழிகள் பளிச்சென்று மஞ்சளாயின; புரதம் சரி என்பதற்கு அதுதான் அடையாளம். துள்ளிக் குதித்தவள் உடனே அவருக்குப் போன் செய்தாள்.

"அண்ணே, உங்க புண்ணியத்துல ஜெயிச்சுட்டோம்! காலையில கொடுத்தீங்களே, அந்த ரத்தம்தான்!"

"என்னம்மா சொல்றே? நான் இப்பதான் பஸ்ஸை விட்டு இறங்குறேன். கொடுக்கத்தானே வர்றேன்!"

பத்து நிமிடத்தில் இனிப்புப் பெட்டியோடு வந்தார். பேத்தி பிறந்திருக்கிறாளாம். வாசலிலேயே எல்லோர் வாயிலும் திணித்தார். பிறகு ரத்தம் எடுக்கும் நாற்காலியில் உட்கார்ந்து சட்டைக் கையை மடித்தார்.

முழங்கை மடிப்பில் ஒரு பிளாஸ்திரி. அதனடியில் இருந்த பஞ்சு இன்னும் ஈரமாகச் சிவந்திருந்தது.

"அட, இது எப்பம்மா?" என்று வெடித்துச் சிரித்தார். "சரி விடு. இந்தா, இன்னொரு கை இருக்கு."