பச்சை டிராக்டர்

"சிவப்பையே எடுத்துக்கிடலாம் பூங்காவனம். போன வருசத்து மெஷினு, பிளேடு கூட மங்கலை," என்றாள் சீதா.

காஜா பெராங்கில் ருக்மணியின் வீட்டுக் கொட்டகையில் புல் வெட்டும் தோட்ட டிராக்டர்கள் இரண்டு நின்றன. ஒன்று சிவப்பு. மற்றது பச்சை, பழையது; பாதியைச் சாக்கால் மூடிக் கட்டியிருந்தது. இரண்டும் வெள்ளைக்காரத் துரைகள் கப்பலேறும்போது விற்றுவிட்டுப் போனவை. அவற்றை வைத்துப் பங்களாக்களில் புல் வெட்டும் தொழில் நடத்தி வந்த ருக்மணியின் கணவர் இறந்து இரண்டு மாதம் ஆகிறது.

பூங்காவனமும் சீதாவும் செமாபோக்கிலிருந்து வந்திருந்தார்கள். எட்டு வருடமாக அரிவாளோடு வீடு வீடாகப் போய்ப் புல் அறுக்கிறவர்கள். மெர்டேக்கா சுதந்திரக் கொண்டாட்டத்துக்குள் ஒரு பள்ளிக்கூடத் திடலை வெட்டித் தரும் வேலை இப்போதுதான் கிடைத்திருந்தது. இருப்பது ஐந்து வாரம். அரிவாளால் ஆகிற காரியமில்லை.

"உங்க வீட்டுக்காரரையும் கூட்டிக்கிட்டு வந்திருக்கலாமே அக்கா," என்றாள் ருக்மணி.

"அவரு வெளியூரு. வந்துருவாரு," என்று சீதா முந்திக்கொண்டாள்.

பூங்காவனம் சிவப்பு மெஷினை ஸ்டார்ட் செய்தாள். இரண்டாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது. வாசலில் கொஞ்சம் வெட்டிப் பார்த்தாள். புல் சீராக விழுந்தது.

"சரி, இதையே எடுத்துக்கிடுவோம்," என்று திரும்பியவள், பச்சை டிராக்டரின் சாக்கை இழுத்துக் கட்டியிருந்த கயிற்றைப் பார்த்து நின்றாள். குனிந்து தொட்டாள்.

"அதை விடுங்கக்கா. கடைசியா வேலை முடிஞ்சு வந்த அன்னிக்கு அவரு கட்டினது. நானும் எவ்வளவோ பார்த்துட்டேன், அவிழ்க்க வரலை. அறுக்கவும் மனசில்ல."

பூங்காவனம் ஒரு நுனியை உள்ளே தள்ளி மறு நுனியை இழுத்தாள். முடிச்சு அவிழ்ந்து விழுந்தது.

"எப்படிக்கா!"

"மாடு கட்டுற முடிச்சு. எங்க எஸ்டேட்ல போடுவாங்க."

"அவரும் எஸ்டேட்டுதான். எந்த எஸ்டேட்டுன்னு சொன்னதில்ல. தனி ஆளா வந்தாரு. காரியத்துக்குக்கூட அவரு பக்கம் ஒருத்தரும் வரலை."

பூங்காவனம் டிராக்டரின் தேய்ந்த இருக்கையைத் தடவினாள். "ரொம்ப நாளு படுத்திருந்தாராம்மா?"

"ஒரு வாரம் காய்ச்சல். கடைசி ரெண்டு நாள் பேச்சே இல்ல."

"ஏதாச்சும் சாப்பிட்டாரா?"

"கஞ்சித் தண்ணிதான்." ருக்மணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சீதாவுக்குப் பொறுமை போயிற்று. "மெஷின் வாங்க வந்தோமா, துக்கம் விசாரிக்க வந்தோமா? நான் போயி லோரி பிடிச்சிட்டு வர்றேன்."

"பிடிச்சிட்டு வா. எனக்கு இந்தப் பச்சைதான் வேணும்."

"பைத்தியமா உனக்கு? அத்தனை பெரிய திடலை இதை வச்சா வெட்டுவே?"

ருக்மணியின் முகம் மாறியது. "இல்லக்கா, இதை நான் விக்கிறதா இல்ல. சிவப்பு, கூலியாள் ஓட்டினது. இது அவரு தினம் ஓட்டினது."

"சிவப்புக்குச் சொன்ன விலையே தர்றேம்மா."

"விலைக்காகச் சொல்லலக்கா."

"தெரியும்," என்றாள் பூங்காவனம். இருக்கையிலிருந்து கையை எடுக்கவில்லை. "நான் நல்லாப் பார்த்துக்குவேன்."

ருக்மணி கீழே கிடந்த கயிற்றை எடுத்துச் சுருட்டினாள்.

"கொண்டு போங்க," என்றாள் கடைசியில். "காலைல கதவைத் திறந்து இதைப் பார்த்தா, அவரு இன்னும் வேலைக்குக் கிளம்பலைன்னு தோணுது. எத்தனை நாளைக்கு இப்படியே இருக்கிறது."

சீதா முணுமுணுத்துக்கொண்டே லோரி பிடிக்கப் போனாள்.

மெஷினை விற்றதாக ஒரு கடுதாசி எழுதித் தர, ருக்மணி பூங்காவனத்தை வீட்டுக்குள் அழைத்துப் போனாள். மேசை முன் உட்கார்ந்து தேதி போட்டாள்.

"பேரு பூங்காவனம்... வீட்டுக்காரர் பேரு என்னக்கா?"

பூங்காவனம் தலை குனிந்தாள். ருக்மணி நிமிர்ந்து பார்த்தாள்.

"புருசன் பேரைச் சொல்ல மாட்டீங்களா? நானும் அப்படித்தான். கடைசி வரைக்கும் அவரு பேரை என் வாயால சொன்னதில்ல. எழுதியாவது காட்டுங்க."

"எழுதத் தெரியாது தங்கச்சி."

பூங்காவனம் மெல்லக் கையைத் தூக்கி, சுவரில் மாலை போட்டு மாட்டியிருந்த படத்தைக் காட்டினாள்.

"அது எங்க வீட்டுக்காரரு அக்கா. நான் உங்க வீட்டுக்காரர் பேரைக் கேட்டேன்," என்றாள் ருக்மணி.

பூங்காவனத்தின் விரல் இறங்கவில்லை.