காதோரத்துக் குங்குமம்

ஆயுதபூஜையன்று கிரைண்டருக்கும் ஸ்கூட்டருக்கும் சந்தனம், குங்குமம் வைத்து முடித்த பிறகும் வடிவுக்கு மனம் நிறையவில்லை. கணவன் எசக்கியின் காதுக்குப் பின்னால், தோலுக்கடியில் மொச்சைக்கொட்டை அளவுக்குப் புடைத்திருந்த கருவியைப் பார்த்தாள். ரத்தத்தில் வெறி ஏறத் தொடங்கியதுமே அமர்த்திவிடும் கருவி. அதை வைத்த பிறகு இந்த வீட்டில் ஒரு தட்டுகூடப் பறக்கவில்லை. மகள் நிகிலா கட்டிலுக்கடியில் ஒளிவதையே மறந்துவிட்டாள்.

“கொஞ்சம் குனியுங்க,” என்றாள்.

“ஏட்டி, எனக்கு என்னத்துக்கு? நான் என்ன மிஷினா?”

“உங்களுக்கு இல்ல. அதுக்கு.”

பழைய எசக்கியாக இருந்தால் சந்தனக் கிண்ணம் தெருவில் கிடந்திருக்கும். இவன் சிரித்துக்கொண்டே குனிந்தான். புடைப்பில் சந்தனம் தடவிக் குங்குமம் இட்டாள். கற்பூரத்தையும் காட்டி, கண்ணை மூடிக் கும்பிட்டாள்.

நிமிர்ந்தவன் கிண்ணத்தை அவளிடமிருந்து வாங்கினான். சுவரில் மாலையோடு தொங்கிய தன் அம்மாவின் படத்தருகே போய், மிச்சச் சந்தனத்தை அவள் நெற்றியில் வைத்தான்.

“எங்கப்பன் ரத்தந்தான் எனக்கும், வடிவு,” என்றான். “அவனுக்கு அப்பவே இத வச்சிருந்தா, எங்கம்மா இப்படிப் படமாத் தொங்கிருக்க மாட்டா.”