ஏழாம் நம்பர் டிரைவர்

“எனக்கு ஏழாம் நம்பர் டிரைவர்தான் வேணும். வேற யாரையும் என் முட்டைக்குப் பக்கத்துலகூட விடமாட்டேன்!”

லாரி கம்பெனி அலுவலகத்துக்குள் நுழைந்ததும் நுழையாததுமாகக் கோழிப்பண்ணைக்காரர் அறிவித்தார். நாலு பேர் நின்றால் மூச்சு முட்டும் அறை. ஒரு மேஜை, ஒரு இரும்பு அலமாரி. அலமாரி முழுக்க டிரைவர்களின் கோப்புகள். அவற்றைக் கவனித்துக்கொள்ளும் பெண் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தி நிமிர்ந்தாள்.

“உக்காருங்க சார். என்ன லோடு?”

“குஞ்சு பொரிக்கிற முட்டை. பத்தாயிரம். நாளைக்குக் காலையில ஆறு மணிக்குக் கிளம்பியாகணும். போன வாட்டி உங்க ஏழாம் நம்பர்தான் கொண்டுபோனாரு. நான் ஊர்ல இல்ல, ஆளைப் பாக்கல. ஆனா பொரிப்பகத்துலேர்ந்து வந்த சீட்டுல ‘சேதம் பூஜ்யம்’னு போட்டிருந்தாங்க. பூஜ்யம்மா! அதுக்கு முந்தின வாட்டி வேற கம்பெனி வண்டி. இறக்கும்போது பாதி ஆம்லெட்டு!”

அவள் எழுந்து போய் ஏழாம் நம்பர் கோப்பை எடுத்து வந்தாள். அதன் முதுகில் சிவப்பு வில்லை ஒட்டியிருந்தது.

“சிவப்புன்னா வண்டியைத் தொடக்கூடாது சார். கண் பரிசோதனைச் சான்றிதழ் நேத்து, மூணாம் தேதியோட முடிஞ்சுபோச்சு. நாளைக்குப் பத்து மணிக்குத்தான் டாக்டர் வரச் சொல்லியிருக்காரு.”

“நேத்து வரைக்கும் தெரிஞ்ச கண்ணு நாளைக்குக் காலையில தெரியாமப் போயிடுமா?”

“போகாது. ஆனா போகலைன்னு எழுதிக் குடுக்க டாக்டர் வேணுமே!”

“மத்த பேப்பரெல்லாம்?”

கோப்பைத் தன் பக்கமாகத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் புரட்டினாள். “லைசென்ஸ் சரியா இருக்கு. உடம்புச் சான்றிதழ் இருக்கு. முன்னால வேலை பாத்த ரெண்டு கம்பெனியிலேர்ந்தும் நல்லவிதமா கடிதம் வந்திருக்கு. பத்து வருஷத்துல ஒரு விபத்து இல்ல, ஒரு அபராதம் இல்ல.” சொந்தப் பிள்ளையின் மதிப்பெண்களை அடுத்த வீட்டுக்காரருக்கு வாசித்துக் காட்டுவதுபோல இருந்தது அவள் குரல்.

“அப்புறம் என்ன? தங்கமான ஆளு!”

“தங்கமா இருந்தாலும் தேதி தேதிதான் சார். மூணாம் நம்பர் டிரைவர் இருக்காரு, எல்லாச் சான்றிதழும் நடப்புல இருக்கு. நிதானமான மனுஷன்.”

“நிதானம்னு நீங்க சொல்றீங்க. முட்டை சொல்லணுமே!”

பண்ணைக்காரர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். குரல் தானாகவே இறங்கியது.

“இங்க பாருங்கம்மா. மூணாம் தேதின்னுதானே இருக்கு? இடது பக்கம் ரெண்டே ரெண்டு வளைவு. மூணு எட்டாயிடும். யாரு பூதக்கண்ணாடி வெச்சுப் பாக்கப்போறாங்க?”

அவள் பேனாவை மூடி வைத்தாள்.

“எட்டுன்னு திருத்தினா பேப்பருக்குத்தான் சார் அஞ்சு நாள் கூடும். கண்ணுக்குக் கூடாது.”

பண்ணைக்காரருக்குச் சுர்ரென்று ஏறியது. எழுந்தே விட்டார்.

“நாற்காலியில உக்காந்து பேப்பர் அடுக்கறவங்களுக்கு ஸ்டீயரிங் பிடிக்கறவரோட அருமை எங்கம்மா தெரியப்போகுது? பள்ளம் தூரத்துல வரும்போதே தெரிஞ்சுக்கணும். பிரேக்கைப் பூவைத் தொடற மாதிரி தொடணும். அது ஒரு கலை! நீங்க வாழ்க்கையில ஒரு லாரியிலயாவது ஏறியிருக்கீங்களா?”

அவள் கோப்பின் நாடாவைக் கட்டினாள்.

“அந்த நல்ல மனுஷன் பொழப்புல மண்ணள்ளிப் போடறீங்க. நாளைக்கு வண்டி ஓடலைன்னா அவர் வீட்டுல என்ன பாடுபடுவாங்கன்னு யோசிச்சீங்களா?”

“யோசிக்காம இருப்பேனா சார்?” பெருமூச்சு கொஞ்சம் நீளமாகவே வந்தது. “இந்த ட்ரிப்பை நம்பித்தான் பொண்ணுக்குப் புது சைக்கிள் வாங்கித் தரேன்னு சொல்லியிருக்கு.”

“பாத்தீங்களா! அந்தக் குழந்தை சாபம் உங்களைச் சும்மா விடாது. உங்களோட பேசிப் பிரயோஜனமில்ல. அவர் நம்பரைக் குடுங்க, நான் நேரா பேசிக்கறேன். அவரே வந்து நாலு வார்த்தை நறுக்குன்னு கேட்டாத்தான் உங்களுக்குப் புத்தி வரும்!”

அவள் ஒரு கணம் தயங்கினாள். பிறகு ஒரு துண்டுத் தாளில் எண்ணை எழுதி நீட்டினாள். “தாராளமாப் பேசுங்க சார். பதில் மாறும்னு தோணல.”

பண்ணைக்காரர் அதைப் பிடுங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். எண்களை ஒவ்வொன்றாக அழுத்தினார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

மணி அவர் முதுகுக்குப் பின்னால் அடித்தது.

அந்தப் பெண் தன் கைப்பைக்குள்ளிருந்து போனை எடுத்துக் காதில் வைத்தாள். “வணக்கம் சார், ஏழாம் நம்பர் டிரைவர் பேசறேன். எனக்கும் வர ஆசைதான், ஆனா எங்க ஆபீஸ்ல கோப்பு பாக்கற ஒரு அம்மா இருக்காங்களே, தேதி விஷயத்துல சரியான ராட்சசி!”