இன்னொரு தடவை

"அப்பா, கேமரா எடுத்துட்டு வாப்பா!"

குளித்துவிட்டுத் தலையைத் துவட்டியபடி வந்த போட்டோக்காரர் அப்படியே நின்றுவிட்டார். மகள் சொன்னது காதில் சரியாகத்தான் விழுந்தது. நம்பத்தான் முடியவில்லை.

போன வருடமும் இதே மேஜையில், இதே மடிக்கணினிக்கு முன்னால்தான் அவள் உட்கார்ந்திருந்தாள். கால்நடை மருத்துவப் படிப்புக்கு இடம் நிச்சயம் என்று வீடே அடித்துச் சொன்னது. இவர் கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். இடம் இல்லை என்று வந்தது. மகளின் முகம் உடைந்துபோனது. காலமெல்லாம் கல்யாண வீடுகளில் படம் எடுத்த கை சும்மா இருக்குமா? அது பாட்டுக்குக் கிளிக் செய்துவிட்டது.

படத்தை அப்போதே அழித்துவிட்டார். அந்தச் சத்தத்தை அழிக்க முடியவில்லை.

அதுவரை மனைவியையும் மகளையும் ஆல்பம் ஆல்பமாக எடுத்துத் தள்ளியவர் அவர். அவர் மட்டும் ஒரு படத்திலும் கிடையாது. எடுக்கிற ஆள் எப்படி இருப்பார்? அந்த ஒரு கிளிக்குக்குப் பிறகு வீட்டுக்குள் அவர் கேமராப் பையைத் திறக்கவே இல்லை.

மகள் விடுவதாக இல்லை. மறுபடி பரீட்சை, மறுபடி விண்ணப்பம். வருடம் முழுக்க டிவி வாயைத் திறக்கவில்லை. பல் மருத்துவமனை வரவேற்பில் நாளெல்லாம் வாய் ஓயாமல் பேசுகிற அம்மா, வீட்டுக்குள் பூனை மாதிரி நடந்தாள். போட்டோக்காரர் மகளை டியூஷனுக்குக் காரில் கொண்டுபோய் விடும்போதெல்லாம் மாட்டு வயிற்றின் நான்கு அறைகளையும் கேட்டுக் கேட்டு, கடைசியில் தானே மனப்பாடம் செய்துவிட்டார். ஒரு கல்யாணத்தில் சாப்பாட்டு மேஜையில் அதை ஒப்பித்து மாப்பிள்ளை வீட்டாரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

இன்றைக்கு மறுபடி முடிவு வரும் நாள்.

"நீங்க வரட்டும்னுதான் பார்க்காம உட்கார்ந்திருக்கோம்" என்றாள் மனைவி. மகளின் நாற்காலிக்குப் பின்னால் இருந்த அலமாரியில், சர்க்கரை டப்பாவின் மேல் தன் போனைச் சாய்த்து வைத்துச் சார்ஜில் போட்டுக்கொண்டிருந்தாள்.

போட்டோக்காரர் பின்வாங்கினார். கேமரா வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். மகள் கேட்டால்தானே! காலையிலேயே தலை வாரி முடித்திருந்தாள். ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழுகிற மாதிரி நாற்காலியைத் திருப்பிப் போட்டிருந்தாள். போட்டோக்காரர் பெற்ற பிள்ளைக்கு வெளிச்சத்தை யார் சொல்லிக்கொடுக்க வேண்டும்?

துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கேமராவை எடுத்து வந்தார். மகள் தன் எண்ணைத் தட்டினாள்.

"கிடைச்சிருச்சுப்பா!"

இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அம்மா இடது பக்கமாக ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள். போட்டோக்காரர் கிளிக், கிளிக், கிளிக் என்று அமுக்கித் தள்ளினார்.

அவ்வளவுதான், அதற்கு மேல் முடியவில்லை. கேமராவைக் கழுத்தில் தொங்கவிட்டுவிட்டுக் குதித்தார். தொப்பையோடு குதித்தார். "ஜெயிச்சிட்டியேடி தங்கம்!" என்று கத்தினார். மகளின் உச்சியில் முத்தம் கொடுத்து, அந்த வேகத்திலேயே மனைவிக்கும் ஒன்று கொடுத்தார். ஜன்னலைத் திறந்து, எதிரே கார் கழுவிக்கொண்டிருந்த முன்பின் தெரியாத ஆளிடம் என் மகள் டாக்டர் என்றார். மாட்டு டாக்டர் என்று உடனே திருத்திக்கொண்டார். பிறகு சுவரில் சாய்ந்து, துண்டில் முகத்தைப் புதைத்து, ஓவென்று அழுதார். சந்தோஷம் தாங்கவில்லை மனிதருக்கு.

அழுது முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எடுத்த படங்களைப் பார்க்கப்போனார்.

ஒன்றுகூட இல்லை.

நேற்றைய கல்யாணப் படங்களை இறக்கிவைக்கக் கணினியில் செருகிய மெமரி கார்டு அங்கேயே கிடந்தது. கார்டு இல்லை, கார்டு இல்லை என்று கேமரா எழுத்துப் போட்டுக் காட்டிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. அதை யார் பார்த்தார்கள்? வாழ்நாளிலேயே பெரிய படத்தை வெறும் பெட்டியில் எடுத்திருக்கிறார்.

தலையில் அடித்துக்கொண்டு கார்டைக் கொண்டுவந்து போட்டார். மணப்பெண்களிடம் குழைவாரே, அதே குரலில் மகளிடம் கேட்டார்.

"கண்ணு, இன்னொரு தடவை. அதே மாதிரி."

மகள் மறுபேச்சுப் பேசாமல் உட்கார்ந்தாள். கத்தினாள். இரண்டு கைகளும் அதே இடத்துக்குப் போயின. முகவாய் அதே அளவு திரும்பியது. அம்மா வெளிச்சத்தை மறைக்காமல் அதே இடது பக்கமாக ஓடிவந்தாள். இம்மி பிசகவில்லை.

போட்டோக்காரர் கேமராவை இறக்கினார்.

எத்தனை கல்யாணம் பார்த்தவர்! நிஜமாக வந்த அழுகையை எந்தப் பெண்ணாலும் இரண்டாவது தடவை அப்படியே அழ முடியாது. முடிந்தால், முதல் தடவையே ஒத்திகை பார்த்து வந்ததுதான்.

"அடிப்பாவிங்களா, முன்னாடியே பார்த்துட்டீங்க!"

இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள்.

அவருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. போன வருடத்துக் கிளிக் காதில் கேட்டது. தன் கேமராவுக்குப் பயந்துதான் குழந்தை தனியாகப் பார்த்திருக்கிறாள் என்று நினைத்து, கேமராவைக் கழுத்திலிருந்து கழற்றினார்.

அப்போது மனைவி சர்க்கரை டப்பாவை நோக்கிக் கை நீட்டினாள்.

போனின் வயர் எதிலும் செருகியிருக்கவில்லை. திரையின் ஓரத்தில் வீடியோ ஓடுகிற சிவப்புப் புள்ளி ஒன்று மினுக்கிக்கொண்டிருந்தது. நடுவில், கலைந்த ஈரத் தலையோடு, தோளில் துண்டோடு, அழுத முகத்தோடு அவரே நின்றுகொண்டிருந்தார்.

"ரீடேக் எல்லாம் வேணாம்ப்பா" என்றாள் மகள். "எங்களுக்கு முதல் தடவையே நல்லா வந்திருச்சு."