ஏற்றாத பாரம்

2023 ஜூலையில், திண்டிவனம்–மரக்காணம் சாலையில், தேவயானியின் பழைய டீசல் ஜீப் மூன்றாம் முறையாகக் கொதித்து நின்றது. மீன் ஏற்றிச் சந்தைக்குப் போகும்போது அது கொதிப்பதில்லை. இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பும்போதுதான்.

மெக்கானிக் கொளஞ்சி ரேடியேட்டரைக் கழுவினான், வாட்டர் பம்பை மாற்றினான். பயனில்லை.

"இன்னொரு தபா கொதிச்சா இன்ஜின் போயிடும்க்கா. வண்டிய எடைக்குத்தான் போடணும்."

"அப்ப மீன என் தலையிலயா தூக்கிக்கினு போறது? நீயே கூட வந்து பாரு."

மறுநாள் சந்தையில் மீனை இறக்கியதும் கொளஞ்சி அவள் பக்கத்தில் ஏறிக்கொண்டான். பிரம்மதேசம் தாண்டியதும் சூடு காட்டும் முள் சிவப்பை நோக்கி ஏறியது. வண்டியை நிறுத்தச் சொல்லி, இறங்கிக் குனிந்து பார்த்தான். பின்சக்கரத்து ஸ்பிரிங் பட்டைகள் முழு லோடு ஏற்றியதுபோல் தட்டையாக அமுங்கியிருந்தன.

"இன்னாக்கா ஏத்திக்கினு வர்ற?"

"காலிக் கூடைதான். உன் வெயிட்டா இருக்கும்."

"நான் கீழதான நிக்கிறேன்."

அவள் வந்து பின்கதவைத் திறந்தாள். கூடைகளும் ஒரு ஈரச் சாக்கும் கிடந்தன. கொளஞ்சி மறுபடி குனிந்து பார்த்தபோதும் பட்டைகள் அமுங்கியே இருந்தன. பிறகு ஷேர் ஆட்டோக்காரர் சொல்வதுபோல் அவள், "எறங்குறவங்க எறங்குங்க" என்றாள்.

ஒருமுறை வலப்பக்கம், ஒருமுறை இடப்பக்கம் என்று ஜீப் கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்தது.

இப்போது திரும்பும்போதெல்லாம் தேவயானி அங்கே நிறுத்திக் கதவைத் திறந்துவிடுகிறாள். ஜீப் கொதிப்பதில்லை.